இடுப்பளவு தண்ணீரில் செத்தவன்

லோகநாயகிக்கு யாரையும் சட்டென்று பிடித்துவிடாது. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியிருக்கும் குப்பங்களில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மீன் வாங்க வருகிறவன் செவுளைத் தூக்கிப் பார்த்தால் அவன் மனிதன். விலையை மட்டும் கேட்டால் அரை மனிதன். மூக்கை மூடிக்கொண்டு ‘இது நேற்றைய மீனா’ என்று கேட்கிறவனை அவள் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

வயது முப்பத்து நாலு. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். காலையில் படகில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்து, பொன்னேரி சந்தையில் கூடையை இறக்குவாள். பன்னிரண்டு மணிக்குள் கூடை காலியானால் மேட்னி ஷோ. அவளுக்கு சினிமா பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சினிமாவைத் திட்டப் பிடிக்கும். அதிலும் மீனவர் படம் என்றால் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. வெயிலே படாத கதாநாயகன், தலையில் சும்மாடு வைக்காமல் கூடை தூக்கும் கதாநாயகி, கடைசியில் தவறாமல் ஒரு புயல். “சும்மாடு இல்லாம தூக்கினா கழுத்து ஒடிஞ்சு பூடும். இது கூடத் தெரியாதவன்லாம் படம் எடுக்க வந்துட்டான்” என்று இருட்டில் சத்தமாகவே சொல்வாள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். அவளும் முறைப்பாள்.

புருஷன் அங்கமுத்து வாயில்லாப் பூச்சி. எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து படுத்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பொன்னேரிக்கு இரண்டு தடவை தூக்கிப் போய்க் காட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்தொரு நாள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். துடைத்தது, புரட்டிப் போட்டது, அள்ளிக் கொட்டியது எல்லாம் லோகநாயகிதான். நாற்பத்திரண்டாம் நாள் காலையில் அவன் கண் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை.

அதோடு போனது புருஷன் மட்டுமில்லை, பாடும் போனது. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்த வீட்டுக்காரன் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக் கொள்வார்கள். நியாயமான ஏற்பாடுதான், ஆம்பளை உயிரோடு இருக்கிற வரைக்கும். தொழிலுக்குப் போன இடத்தில் ஒருவன் செத்தால் அவன் முறை அவன் வீட்டிலேயே நிற்கும். விதவை வேறொருத்தனை விட்டு வலை கட்டி, பாதிப் பங்கு வாங்கிக் கொள்ளலாம். கட்டிலில் செத்தால் முறை ஊருக்குத் திரும்பிவிடும், மகன் இருந்தாலொழிய. இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் யார் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு மகன் இருந்தான் என்பது மட்டும் நிச்சயம்.

அந்தக் குப்பத்தில் இப்படிப் பாடு போனவர்கள் மூன்று பேர். இருமி இருமிச் செத்தவன் பெண்டாட்டி ராஜம்மா ஒருத்தி. அவளும் இன்னொருத்தியும் விதி என்று இருந்துவிட்டார்கள். லோகநாயகி இருக்கவில்லை. இரண்டு வருஷமாக, ஊர்ப் பெரியதனக்காரர் தருமனை எங்கே கண்டாலும் “மாமா, என் பாடு இன்னா ஆச்சு” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் “பாக்கலாம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எண்பத்து நாலு தை மாதம், மீன் கட்டிக் கொடுப்பதற்காக எடைக்கு வாங்கின பழைய பேப்பரில் ஒரு விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. ‘இதுவரை திரையில் ஒலிக்காத குரல்களைத் தேடுகிறோம். எளிய மக்களிடமிருந்து புதிய திரைக்கதை எழுத்தாளர்கள். ஆறு வாரப் பயிற்சி, உணவு, தங்குமிடம், உதவித்தொகை. சிறந்த கதை படமாக்கப்படும்.’ அவளுக்கு உதவித்தொகை பெரிதாகப் படவில்லை. படமாக்கப்படும் என்ற வார்த்தைதான் பிடித்தது. பாடு பிரிக்கச் சீட்டுப் போடுகிற இடத்தில் ஒரு விதவை போய் நடுவில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான் கதை. அதைப் பொன்னேரிக் கொட்டகையில் தருமன் மாமா காசு கொடுத்துப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அந்த மூன்று பேருக்கும் முறை கொடுக்க வேண்டும் என்பது அவள் திட்டம். கோடு போட்ட நோட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அடையாறில் ஒரு பங்களா. வாசலில் ‘புதுக்குரல் திரைக்கதைப் பட்டறை’ என்று துணி கட்டியிருந்தது. தேர்வானவர்கள் ஆறு பேர். கல் உடைக்கிறவர், தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர், நெசவாளி, சூளைக்காரர், மலையிலிருந்து ஒருவர், இவள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு அட்டை குத்தினார்கள். லோகநாயகியின் அட்டையில் பெரிய எழுத்தில் ‘மீனவர்’ என்றும், அதற்குக் கீழே பொடியாக அவள் பெயரும் இருந்தன. சாம்பாருக்குக் காய் வாங்குகிற மாதிரி வகைக்கு ஒன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

பட்டறைத் தலைவர் திருவேங்கடம் படம் எடுத்தவர். ஒன்றே ஒன்று எடுத்தார், அது ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில் ஓடியது, இங்கே ஓடவில்லை. அதனால் இங்கே உள்ளவர்கள் மேல் அவருக்கு வருத்தம் உண்டு. கதர் ஜிப்பா, தாடி, அணையாத சிகரெட். யார் கதை சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். கேட்டு முடித்ததும் ‘மண்வாசனை’ என்பார். அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் என்று தோல் ஷெட் ஆபிரகாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் லோகநாயகிக்கும் ஆபிரகாமுக்கும் பக்கத்து நாற்காலிகள் எப்போதும் காலியாக இருக்கும்.

“இவுங்களுக்கு மண்வாசன வேணும். மீன் வாசன வேணாம், தோல் வாசன வேணாம்” என்றாள் அவள்.

“சோறு நல்லாருக்கும்மா. சாப்பிடு” என்றார் ஆபிரகாம்.

இரண்டாவது வாரம் அவள் கதையை எடுத்தார்கள். திருவேங்கடம் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார்.

“ரொம்ப நேர்மையான கதை. ஆனா புருஷன் காமாலையில சாகறான். அது திரையில நிக்காதும்மா. கடல் எங்கே? அலை எங்கே? ஒரு மீனவன் கடல்லதானே சாகணும்?”

“அவரு ஏரியில வலை கட்டுறவருங்க.”

“சரி, ஏரியிலயே சாகட்டும். புயல்ல.”

“ஏரி இடுப்பளவு தண்ணிங்க சார். அதுல முழுகிச் சாவணும்னா மல்லாக்கப் படுத்தாத்தான் உண்டு.”

ஆபிரகாம் சிரித்துவிட்டார். திருவேங்கடம் சிரிக்கவில்லை. பாமர மக்களுக்குத் தங்கள் வாழ்க்கையில் எது நாடகம் என்று தெரிவதில்லை, அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் நாம் இருக்கிறோம் என்று பக்கத்திலிருந்த உதவியாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எட்டாவது படித்தவளுக்கு அது பாதி புரிந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்கு முழுசாகவே தெரியும். ஆனாலும் படமாக்கப்படும் என்ற வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சீட்டுப் போடும் காட்சியை நாலு தடவை திருத்தி எழுதினாள். புயலைச் சேர்க்கவில்லை.

ஐந்தாவது வாரம் ஊரிலிருந்து ஆள் வந்தது. பாடு விஷயமாக வியாழக்கிழமை பஞ்சாயத்து கூடுகிறது, வந்தால் உண்டு, வராவிட்டால் பேச்சு முடிந்தது. இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கின கூட்டம், போகாமல் இருக்க முடியாது. பட்டறையிலோ, ஒரு நாள் வராதவர்கள் பெயர் நீக்கப்படும் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்போதுதான் லோகநாயகி, ஏரிக்காரி ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தாள். பாடு முறையில் ஒரு வழக்கம் உண்டு. முறை வந்த நாளில் வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் என்றால் அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆளை அனுப்பலாம். வலையை யார் கட்டினாலும் முறை அவனுடையதுதான், ஒருத்தனும் கேள்வி கேட்க மாட்டான். அவள் தன் நாத்தனார் வேலம்மாவை வரவழைத்து, அட்டையைக் கழற்றி அவள் புடவையில் குத்தினாள்.

“நாலு நாளு. உக்காந்து எடத்தப் புடிச்சுக்கோ. கேட்டா வீட்டாளுன்னு சொல்லு.”

“கதை கேட்டா இன்னா அண்ணி பண்றது?”

“தெரியாதுன்னு சொல்லு.”

வேலம்மாவுக்குத் தெரியாது என்று சொல்ல வராது. அது அவள் பிறவிக் குணம். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஒப்பாரி அவளுடையதுதான். செத்தவனை அவள் பார்த்தேயிராவிட்டாலும் அவனைப் பெற்றவளே அழுகிற மாதிரி இருக்கும்.

பஞ்சாயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. தருமன் மாமா வெற்றிலை போட்டார், துப்பினார், சீட்டுப் போடுகிற அன்றைக்கு ஊர் முன்னால் முடிவு சொல்வதாகச் சொன்னார். லோகநாயகி அடையாறு திரும்பினாள். வாசலில் டைப் அடிக்கிற பெண் அவளை நிறுத்தினாள்.

“யாரைப் பார்க்கணும்?”

“நான் இங்கதாம்மா படிக்கிறேன். மீனவர்.”

“மீனவர் உள்ளே இருக்காங்களே” என்றாள் அந்தப் பெண்.

உள்ளே வேலம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நாலு வாரம் தினமும் எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்தவர்கள், அதே மாதிரிப் புடவையும் அதே அட்டையும் இருந்ததால் ஆள் மாறினதைக் கவனிக்கவில்லை. ஆபிரகாம் மட்டும் கவனித்திருந்தார். கேட்டதற்கு, “எங்கிட்ட யாரும்மா கேட்டா?” என்றார்.

நடந்தது இதுதான். திருவேங்கடம் வழக்கம்போல் கதையைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். வேலம்மா மாரில் அடித்துக்கொண்டு, பெரும் புயலில் தன் அண்ணன் கடலுக்குப் போனதையும், மூன்றாம் நாள் உடல் கரையில் ஒதுங்கினதையும், அண்ணி தாலியைக் கழற்றி அலையில் வீசினதையும் பாட்டாகவே பாடிவிட்டாள். திருவேங்கடம் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாராம். அன்று சாயங்காலமே அது டைப் ஆகிவிட்டது.

“சார், அது என் கதை இல்ல. அது நானும் இல்ல” என்றாள் லோகநாயகி.

திருவேங்கடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தடுமாறினது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

“நீங்க எழுதினதைவிட உங்க சமூகம் பேசினதுலதான் உண்மை அதிகமா இருக்கு. நாங்க தேடினது அந்தக் குரலைத்தான்.”

“எனக்கு ஒரு குரலு இருக்கே சார். அத இன்னா பண்றது?”

வேலையிருக்கிறது என்று அவர் எழுந்து போய்விட்டார். மறு வாரம் பரிசு அறிவித்தார்கள். புயல் கதைக்குத்தான். பேப்பரில் செய்தி வந்தது: கடல் கொண்டுபோன கணவனின் கதையைக் கண்ணீரால் எழுதிய மீனவப் பெண் லோகநாயகி. மேலே இருந்த படத்தில் அழுதுகொண்டிருந்தது வேலம்மா.

சித்திரையில் சீட்டுப் போடும் நாள் வந்தது. அதற்கு முன்னாலேயே திருவேங்கடம் ஒரு காரில் பழவேற்காடு வந்து, படகு ஏறி, குப்பத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். படம் இங்கேயேதான் எடுக்கப் போகிறார்கள், எல்லாப் படகுக்கும் வாடகை உண்டு, பெரியதனக்காரராகத் தருமனே நடிக்கலாம். அன்றிலிருந்து தருமன் மீசைக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தார். மூக்கு உள்ளவரை சளி என்பார்களே, அந்த மாதிரி ஆசை மனிதனை விட்டுப் போவதில்லை.

மணலில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சீட்டுப் போட்ட குடம். கணக்குப்பிள்ளை ராஜவேலு மடியில் நோட்டு, காதில் பென்சில். வலை காயப்போட்ட கழிகளுக்கு அந்தப் பக்கம் பெண்கள் நின்றார்கள். தருமன் கையில் அந்தப் பேப்பர் நாலாக மடித்து இருந்தது.

“லோகநாயகி, முன்னால வாம்மா” என்றார். குரலில் இரண்டு வருஷமாக இல்லாத வெல்லம். “உன் சங்கதி பேப்பர் வரைக்கும் பூட்சு. அங்கமுத்து எப்பிடிப் போனான்னு ஊரு முன்னால நீயே ஒரு வார்த்த சொல்லு. ராஜவேலு எழுதிக்குவான். உன் பேரையும் குடத்துல போட்டுர்லாம்.”

அவளுக்கு எல்லாம் விளங்கியது. கடல் என்று ஒரு வார்த்தை. சட்டம் அப்படியே நிற்கும், அவளுக்குப் பாடு கிடைக்கும், படக்காரன் வருவான், படகுக்கு வாடகை வரும், தருமன் நடிப்பார். எல்லாருக்கும் லாபம். செத்தவன் ஒருத்தன்தான் மறுபடியும் சாக வேண்டும். அங்கமுத்துவைக் கட்டிலோடு வெளியே தூக்கி வந்த நாலு பேரும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் மணலைப் பார்த்தார்கள்.

பாதிப் பங்கு என்றால் ஒரு வருஷத்துச் சோறு. மழை நாளில் கூடை தூக்க வேண்டாம். பிள்ளையை எட்டாவதுக்கு மேலேயும் படிக்க வைக்கலாம். லோகநாயகி திரும்பிப் பார்த்தாள். கழிக்கு அந்தப் பக்கம் ராஜம்மா நின்றிருந்தாள். சொல்லிவிடு என்று தலையை ஆட்டினாள். நீயாவது சாப்பிடு என்கிற ஆட்டல். லோகநாயகிக்குத் திருவேங்கடத்தின் மேலும் தருமன் மேலும் வராத கோபம் அந்தத் தலையாட்டலில் வந்தது.

“கட்டில்ல செத்தாரு. மஞ்சக் காமால. தலமாட்டுல தூக்குனது நீதான் மாமா.”

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லும்மா” என்றார் தருமன். பேப்பரை விரித்தார், மடித்தார்.

“ரோசன பண்ண இன்னா கீது. கட்டில்ல செத்தவன் பொண்டாட்டிக்கும் வயிறு பசிக்குது. எனக்குப் பசிக்குது, ராஜம்மாவுக்குப் பசிக்குது. குடுக்கறதுன்னா அதுக்கோசரம் மூணு பேருக்கும் குடு. கடலுக்கோசரம் எனக்கு மட்டும் வேணாம்.”

தருமன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

“அப்ப இல்ல” என்றார்.

ராஜவேலு காதிலிருந்து பென்சிலை எடுத்து எதையோ அடித்தான். பிறகு குடத்தைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு பெயராகச் சீட்டு எடுத்து, முறை சொல்லி, கை தட்டி, மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படக்காரர்கள் வருவார்களா என்று ஒருத்தன் கேட்டான். செத்தது எப்படி என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்றார் தருமன். அவர் சொன்னது சரிதான், ஆடியில் வந்து படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சீட்டுப் போட்ட அன்று மத்தியானம் லோகநாயகி காலிக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேலம்மா பின்னால் வந்து நின்றாள். அவள் கண் வீங்கியிருந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

“ஒரு வார்த்த அண்ணி. கடல்னு சொல்லியிருந்தா ஒரு வருசம் நிம்மதியாத் துன்னிருக்கலாம். என் அண்ணன்தான, எனக்குக் கோவம் வருமா?”

லோகநாயகி கூடையை மறுபடி நிமிர்த்திக் கழுவினாள்.

“அந்த ஆளு கேட்டப்போ எனக்கு வாயே வரல. கட்டிலு, அந்தப் பீ, அந்த நாத்தம், அதெல்லாம் அத்தினி பேரு எதுருக்க எப்பிடிச் சொல்றது. அதான் கடலச் சொல்லிட்டேன்.”

“நாத்தந்தான்” என்றாள் லோகநாயகி. “நாப்பத்தொரு நாளு நான்தான அள்ளுனேன். உங்க அண்ணன் கடல்ல செத்தாருன்னா, அத்தினி நாளு நான் இன்னாடி பண்ணிக்கினு இருந்தேன்?”